நிகழ்பட ஆட்ட இசைத்தொகுப்புகளும் இசையமைப்பாளர் பெயர்களும்

நிகழ்பட ஆட்டங்கள் எனப்படும் வீடியோ கேம்களுக்காக உருவாக்கப்பட்ட இசை, 1980-களின் நடுப்பகுதியிலிருந்து ஜப்பானில் தனி இசைத்தொகுப்புகளாக வெளிவரத் தொடங்கியது. அந்த இசையை உருவாக்கியவர்களில் பலரின் இயற்பெயர் ஆட்டத்திலோ இசைத்தட்டின் உறையிலோ நெடுங்காலம் இடம்பெறவில்லை. சிலர் புனைபெயரில் மறைந்தனர், சிலர் குழுப் பெயருக்குள் அடங்கினர், சிலரது பெயர் எங்குமே இல்லை. எந்தப் பாடலை எவர் அமைத்தார் என்பதைப் பின்னாளில் ரசிகர்களே துண்டு துண்டாகச் சேர்த்துக் கண்டறிந்தனர். இத்துறையின் தொடக்ககால வரலாற்றில் பெண் இசையமைப்பாளர்களின் பங்கு பெரியது என்ற உண்மை இந்தத் தேடலின் வழியாகவே பரவலாகத் தெரியவந்தது.

பின்னணி

1970-களின் இறுதியில் ஆட்டங்களில் இசை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. டைட்டோ நிறுவனம் 1978-ல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் நெருங்க நெருங்க அவற்றின் வேகம் கூடும். அத்தகைய ஒலிகளை அமைத்தவர் பெரும்பாலும் நிரலாளராகவோ மின்னணுப் பொறியாளராகவோ இருந்தார். அவரை இசையமைப்பாளர் என்று எவரும் அழைக்கவில்லை.

ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரை வெளியிடுவதில்லை என்பது அக்காலத்தில் பல நிறுவனங்களின் வழக்கம். அமெரிக்காவில் அடாரி நிறுவனத்தின் நிரலாளர் வாரன் ராபினெட், அட்வெஞ்சர் என்ற ஆட்டத்தில் ஓர் இரகசிய அறையை அமைத்து அதில் தன் பெயரை ஒளித்துவைத்தார். அதே நிறுவனத்தில் பெயரும் உரிய ஊதியமும் கிடைக்காத மனக்குறையுடன் வெளியேறிய நிரலாளர்கள் 1979-ல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். நிரலாளர்களுக்கே இந்த நிலை என்றால் ஒலி அமைத்தவர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

1980-களின் தொடக்கத்தில் ஒலிச் சில்லுகள் மேம்பட்டபோது நிறுவனங்கள் இசை கற்றவர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தத் தொடங்கின. நிண்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் சில்லு ஐந்து ஒலித்தடங்களைக் கொண்டது. இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, தாளத்துக்கான ஓர் இரைச்சல் தடம், பதிவு செய்த ஒலித்துணுக்குகளை இசைக்கும் ஒரு தடம் என்று அது பகுக்கப்பட்டிருந்தது. இந்த வரம்புக்குள் மெட்டு, துணை மெட்டு, கீழ்ச்சுரம், தாளம் ஆகிய அனைத்தையும் அமைக்க வேண்டும். மெட்டை ஒருவர் தாளில் எழுத, அதை எண்களாக மாற்றி நினைவகத்தில் ஏற்றும் வேலையை வேறொருவர் செய்வதும் உண்டு. பிற்காலத்தில் எழுந்த பெயர்க் குழப்பங்களுக்கு இந்த வேலைப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம்.

முதல் இசைத்தொகுப்பு

1984 ஏப்ரலில் வெளிவந்த ‘வீடியோ கேம் மியூசிக்’ என்ற எல்பி இசைத்தட்டு, ஆட்ட இசைக்கென வெளியான முதல் இசைத்தொகுப்பாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற மின்னிசைக் குழுவின் உறுப்பினரான ஹருஓமி ஹொசோனோ இதைத் தயாரித்தார். ஆல்ஃபா நிறுவனத்தின் கிளையான யென் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. நாம்கோ நிறுவனத்தின் பத்து ஆர்கேட் ஆட்டங்களின் இசை இதில் இடம்பெற்றது. பாக்-மேன், காலகா, டிக் டக், ஸீவியஸ், மாப்பி ஆகியன அவற்றுள் சில.

இந்த இசைத்தட்டு இன்றும் பெரும்பாலும் ஹொசோனோவின் பெயராலேயே அறியப்படுகிறது. ஆனால் அதிலுள்ள மூல மெட்டுகள் நாம்கோ ஊழியர்களின் ஆக்கங்கள். பாக்-மேனின் இசை தொஷியோ காய் அமைத்தது. காலகா, மாப்பி ஆகியவற்றுக்கு நொபுயுகி ஓனோகி இசையமைத்தார். டிக் டக், ஸீவியஸ் இரண்டுக்கும் இசை தந்தவர் யூரிக்கோ கெய்னோ என்ற பெண். டிக் டக்கில் வீரர் நடக்கும்போது மட்டும் இசை ஒலிக்கும், நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆட்டக்காரரின் அசைவோடு இசையைப் பிணைத்த தொடக்ககால முயற்சிகளில் இது குறிப்பிடத்தக்கது. ஆர்கேட் எந்திரத்தில் நாணயம் போட்டு இதைக் கேட்ட லட்சக்கணக்கானோரில் மிகச் சிலருக்கே கெய்னோவின் பெயர் தெரிந்திருக்கும்.

பெயருடன் வந்தவர்

1986-ல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தின் முடிவில் கோயிச்சி சுகியாமாவின் இயற்பெயர் இசையமைப்பாளராகத் தோன்றியது. சுகியாமா அப்போதே தொலைக்காட்சி, விளம்பரம், திரையிசை ஆகியவற்றில் பெயர்பெற்றவர். எனிக்ஸின் ஒரு ஷோகி (ஜப்பானியச் சதுரங்க) ஆட்டத்தைப் பற்றிக் கருத்து எழுதி அவர் அனுப்பிய அஞ்சலட்டையே இந்த வாய்ப்புக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில் டிராகன் குவெஸ்ட் இசை வாத்தியக் குழு வடிவில் தொகுப்பாக வந்தது. 1987-ல் டோக்கியோவில் அதன் கச்சேரியும் நடந்தது.

சுகியாமா நிறுவனத்தின் சம்பள ஊழியர் அல்லர். வெளியிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர், அவரது பெயர் விற்பனைக்கும் உதவியது. நிறுவனத்துக்குள் மேசை முன் அமர்ந்து இசையமைத்தவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை.

புனைபெயர்கள்

அதே காலத்தில் நிறுவன ஊழியர்களின் பெயர்கள் ஆட்டங்களின் முடிவில் வேடிக்கையான வடிவங்களில் தோன்றின. 1986-ல் வெளிவந்த தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டாவின் பெயர்ப் பட்டியலில் கோஜி கொண்டோ ‘கொன்சான்’ ஆனார். காப்காம் 1987-ல் வெளியிட்ட ராக்மேன், அதாவது மெகா மேன் ஆட்டத்துக்கு இசையமைத்த மனாமி மட்சுமாயே ‘சான்சாகொரின் மனாமி’ என்று குறிப்பிடப்பட்டார். மறு ஆண்டு வெளிவந்த இரண்டாம் பாகத்தின் முதன்மை இசையமைப்பாளர் தகாஷி ததெய்ஷி ‘ஒகெரெட்சு குன்’ என்று வந்தார். ஏறத்தாழ ‘கொச்சையான பயல்’ என்பது அதன் பொருள். ஃபேமிகாம் இசையின் உச்சங்களில் ஒன்றாக ரசிகர்கள் போற்றும் படைப்பு இப்படி ஒரு கேலிப்பெயரில் வெளியானது.

திறமையான ஊழியர்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொள்ளும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று அக்காலத்தவர் பலர் பின்னாளில் அளித்த நேர்காணல்களில் கூறியுள்ளனர். பெயர் தெரியாவிட்டால் தேடிவந்து அழைக்க முடியாது.

கொனாமி 1986-ல் வெளியிட்ட காசில்வேனியா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் முடிவில் எல்லாப் பெயர்களும் பழைய திகில் படக் கலைஞர்களின் பெயர்களைத் திரித்து அமைக்கப்பட்டவை. இசை என்ற தலைப்பின் கீழ் ‘ஜேம்ஸ் பனானா’ என்றிருந்தது. 1958-ல் வெளிவந்த பிரித்தானியத் திரைப்படமான டிராகுலாவின் இசையமைப்பாளர் ஜேம்ஸ் பெர்னார்டின் பெயர் மீதான கேலி அது. உண்மையில் இசையமைத்தவர் கினுயோ யமாஷிதா என்ற இளம்பெண். கல்லூரிப் படிப்பு முடிந்து அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சதோயே தெராஷிமா அவருடன் பணியாற்றினார். முதல் கட்டத்தில் ஒலிக்கும் ‘வாம்பயர் கில்லர்’ அத்தொடரின் அடையாள இசையாகிப் பல பாகங்களில் மீண்டும் மீண்டும் புதுக்கோர்வை பெற்றது. அதை அமைத்தவர் ஆணென்றும் மேலைநாட்டவரென்றும் ஒரு திரைப்பெயர் சொல்லிக்கொண்டிருந்தது.

1991-ல் வெளிவந்த காப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உலகெங்கும் ஆர்கேட் கூடங்களை நிரப்பியது. அதன் இசையில் பெரும்பகுதியை அமைத்தவர் யோக்கோ ஷிமோமுரா. ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ பயின்று 1988-ல் காப்காமில் சேர்ந்தவர். சகாத் என்ற வீரனுக்கான இசை உள்ளிட்ட சிலவற்றை இசாவோ அபே அமைத்தார். ஆட்டத்தில் ஷிமோமுரா ‘ஷிமோ-பி’ மட்டுமே.

குழுப் பெயர்கள்

1980-களின் இறுதியில் ஆட்ட இசைக்கு ஜப்பானில் நல்ல சந்தை உருவானது. நிறுவனங்கள் தங்கள் ஒலிப்பிரிவுகளுக்கு இசைக்குழுபோல் பெயரிட்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டன. கொனாமியின் குழு குக்கெய்ஹா கிளப். ‘குக்கெய்ஹா’ என்றால் சதுர அலை. டைட்டோவின் குழு சுன்டாட்டா, சேகாவின் குழு எஸ்.எஸ்.டி. பேண்ட், காப்காமின் குழு ஆல்ஃப் லைலா, ஃபால்காமின் குழு சவுண்ட் டீம் ஜே.டி.கே.

குழுப் பெயரால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. ஆட்ட இசை தனியே ரசிக்கத்தக்க கலை என்ற மதிப்பு உயர்ந்தது. அதே வேளையில், குழுவுக்குள் எவர் எதை எழுதினார் என்பது மறைந்தது. ஃபால்காமின் யீஸ் ஆட்டம் இதைக் காட்டும். 1987-ல் வெளிவந்த அதன் இசையில் பெரும்பங்கு யூசோ கொஷிரோவினுடையது என்றாலும் மியெக்கோ இஷிகாவாவும் பங்களித்தார். தொகுப்பின் முகப்பில் நிறுவனக் குழுவின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இருவரையும் தெரியாது.

கொஷிரோ விரைவிலேயே தனித்து இயங்கும் கலைஞரானார். சேகாவுக்காக அவர் இசையமைத்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 1991-ல் வந்தபோது அவரது பெயர் ஆட்டத்தின் முகப்புத் திரையிலேயே தோன்றியது. ஜப்பானுக்கு வெளியே பல சிறுவர்கள் முதன்முதலாக அறிந்த ஆட்ட இசையமைப்பாளரின் பெயர் இதுவாகவே இருந்தது. ஆனால் தனிப்பெயரின் ஒளியிலும் ஒரு நிழல் உண்டு. அத்தொடரின் இரண்டாம், மூன்றாம் பாகங்களில் மோட்டோஹிரோ கவாஷிமாவும் இசையமைத்தார். முதலில் நிலைத்துவிட்ட பெயரின் காரணமாக அவர் பங்கு நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை.

சட்டத்தின் இடம்

ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு, படைப்பில் தன் பெயரைக் குறிப்பிடவோ குறிப்பிடாமல் விடவோ படைப்பாளருக்கு உரிமை தருகிறது. ஆனால் 15-வது பிரிவின்படி, நிறுவனத்தின் முன்முயற்சியில் ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கி, நிறுவனத்தின் பெயரால் வெளியாகும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது நிறுவனமே படைப்பாளர். அந்த நிலையில் பெயருக்கான உரிமையும் நிறுவனத்தையே சேரும். இசையமைத்த ஊழியர் சட்டப்படி கேட்கத்தக்கது அதிகமில்லை.

இதனால் இசைத்தொகுப்பின் உள்ளட்டையில் அச்சிடப்படும் பெயர், உரிமை என்பதைவிட நிறுவனத்தின் விருப்பமாகவே அமைந்தது. எனினும் கலைஞருக்கு அதன் பயன் பெரிது. வேலையை விட்டு வெளியேறியவர் அடுத்த வாய்ப்பைத் தேடும்போது, தாம் இன்ன இசையை அமைத்தவர் என்று காட்ட அதைத் தவிர வேறு சான்று இல்லை.

ஒரு தொகுப்பு, மூன்று பெயர்கள்

1990-களில் நிலைமை மாறியது. ஸ்குவேர் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட குரோனோ டிரிகர் ஆட்டத்தின் இசை மூன்று குறுந்தகடுகளில் 64 பாடல்களாக வந்தது. யசுனோரி மிட்சுடா, நொபுவோ உவேமட்சு, நொரிக்கோ மட்சுயேடா ஆகிய மூன்று பெயர்கள் அதில் உண்டு.

மிட்சுடா 1992-ல் ஸ்குவேரில் சேர்ந்து ஒலி விளைவுகளை அமைத்துவந்தார். இசையமைக்க வாய்ப்புத் தராவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக அவர் நிறுவனத்தின் துணைத் தலைவர் ஹிரோனோபு சகாகுச்சியிடம் சொன்னதைத் தொடர்ந்து இப்பணி கிடைத்தது. இரவு பகலாக உழைத்த அவருக்கு வயிற்றுப்புண் வந்தது. வன்தட்டு பழுதாகி, உருவாகிக்கொண்டிருந்த ஏறக்குறைய 40 இசைத்துண்டுகள் அழிந்தன. எஞ்சிய பணியில் சுமார் பத்துப் பாடல்களை ஃபைனல் ஃபேன்டசி தொடரின் இசையமைப்பாளரான உவேமட்சு முடித்துத் தந்தார். மட்சுயேடாவின் பங்கு ஒரேயொரு சண்டைப் பாடலில் மட்டும்.

முகப்பில் மூன்று பெயர்களும் ஒன்றாக நிற்கும்போது இந்த விகிதம் தெரிவதில்லை. மூவரில் அப்போது உலகறிந்தவர் உவேமட்சு என்பதால், மிட்சுடாவின் மெட்டுகளையும் அவருடையவை என்று எண்ணிய ரசிகர்கள் பலர். பாடல்வாரியாகப் பெயர் குறிக்கும் வழக்கம் ஏன் தேவை என்பதை விளக்க இத்தொகுப்பு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

ரசிகர்களின் தேடல்

1990-களின் இறுதியில் ஆட்ட நினைவகத்திலிருந்து இசைத்தரவை மட்டும் பிரித்தெடுத்துக் கணினியில் கேட்கும் முறைகள் பரவின. ஃபேமிகாம் இசைக்கான என்.எஸ்.எஃப். கோப்பிலும், சூப்பர் ஃபேமிகாம் இசைக்கான எஸ்.பி.சி. கோப்பிலும் இசையமைப்பாளர் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. கோப்பை உருவாக்கும் ரசிகர் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். விடை தெரியாதபோது என்.எஸ்.எஃப். கோப்பில் ஒரு கேள்விக்குறி இடுவது விதி. எத்தனை பழைய ஆட்டங்களுக்கு இசையமைத்தவர் பெயர் தெரியாது என்பதை அந்தக் கேள்விக்குறிகள் கண்முன் காட்டின.

இதன் பின் ரசிகர்கள் பல வழிகளில் தேடினர். ஜப்பானிய இசைத்தொகுப்புகளின் உள்ளட்டைகளை வாங்கிப் படித்து மொழிபெயர்த்தனர். ஒரே புனைபெயர் வெவ்வேறு ஆட்டங்களில் வருவதை ஒப்பிட்டனர். பழைய இதழ்களின் நேர்காணல்களைத் திரட்டினர். ஓய்வுபெற்ற கலைஞர்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்டனர்.

இவற்றில் தவறுகளும் நேர்ந்தன. ஓர் ஆட்டத்தின் ஒலியமைப்பு நிரல் இன்னொன்றுடன் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒருவரே அமைத்தார் என்ற முடிவுக்குச் சிலர் வந்தனர். ஆனால் நிரல் ஒற்றுமை காட்டுவது எண்களை ஏற்றிய நிரலாளரையே அன்றி, மெட்டை எழுதியவரை அன்று. ‘ஒலி’ என்ற தலைப்பின் கீழ் வரும் பெயர் இசையமைப்பாளருடையதா, ஒலி விளைவு அமைத்தவருடையதா, நிரலாளருடையதா என்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறியது. ஒரு முறை தவறாக எழுதப்பட்ட பெயர் கோப்போடு சேர்ந்து நகலாகிப் பரவியது. உரியவரே முன்வந்து மறுத்தபோதுதான் சில திருத்தங்கள் நிகழ்ந்தன.

சோனிக் 3

இத்தகைய தேடல்களில் மிக நீண்டது சேகா 1994-ல் வெளியிட்ட சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 3 பற்றியது. முதல் இரு பாகங்களின் இசையமைப்பாளர் பற்றி ஐயமில்லை. டிரீம்ஸ் கம் ட்ரூ இசைக்குழுவின் மசாதோ நகாமுரா அவற்றை அமைத்தார். எனினும் அவை முழு இசைத்தொகுப்பாக வெளிவர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் பாகத்தின் முடிவுப் பட்டியலில் பிராட் பக்ஸர், பாபி புரூக்ஸ், டாரில் ராஸ், ஜெஃப் கிரேஸ் முதலான அமெரிக்கர்களின் பெயர்கள் இருந்தன. இவர்களில் பலர் பாடகர் மைக்கேல் ஜாக்சனுடன் பணியாற்றியவர்கள் என்பதை ரசிகர்கள் கவனித்தனர். ஆட்டத்தின் முடிவில் ஒலிக்கும் இசை, ஜாக்சன் 1995-ல் வெளியிட்ட ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ’ பாடலை ஒத்திருப்பதும் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. 2009-ல் ஒரு பிரெஞ்சு இதழுக்கு அளித்த நேர்காணலில், இந்த இசையில் ஜாக்சன் பங்கேற்றதைப் பக்ஸர் உறுதிசெய்தார். கருவியின் ஒலித்தரம் நிறைவளிக்காததால் ஜாக்சன் தம் பெயரை விரும்பவில்லை என்பது அவர் கூறிய காரணம். 1993-ல் ஜாக்சன் மீது எழுந்த புகார்களுக்குப் பின் அவரது பங்கேற்பு கைவிடப்பட்டது என்று சேகாவில் பணியாற்றியவர்கள் வேறு விதமாகக் கூறினர்.

பனிமலைக் கட்டத்தின் இசை, பக்ஸர் 1980-களின் தொடக்கத்தில் இருந்த ஜெட்ஸான்ஸ் குழுவின் ‘ஹார்ட் டைம்ஸ்’ என்ற பாடலிலிருந்து வந்தது என்பதையும் ரசிகர்கள் கண்டறிந்தனர். 2019-ல் ஆட்டத்தின் முற்பட்ட வடிவம் ஒன்று கிடைத்தபோது, சில கட்டங்களுக்கு முற்றிலும் வேறு இசை அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2022-ல் சோனிக் ஆரிஜின்ஸ் என்ற மறுவெளியீட்டில் அந்த மாற்று இசையே இடம்பெற்றது. மூல ஆட்டத்தின் நிரலாளர் யூஜி நாகாவும் அப்போது ஜாக்சனின் பங்கைப் பொதுவெளியில் குறிப்பிட்டார். பெயர்ப் பட்டியலில் தொடங்கிய தெளிவின்மை, 28 ஆண்டுகளுக்குப் பின் இசையையே மாற்றும் அளவுக்குச் சென்றது.

மீட்பும் இன்றைய நிலையும்

2000-களுக்குப் பின் பழைய ஆட்ட இசை பெட்டித் தொகுப்புகளாகவும் எல்பி தட்டுகளாகவும் மறுபதிப்பு பெற்றபோது, பலவற்றில் இயற்பெயர்கள் அச்சேறின. யமாஷிதா, மட்சுமாயே ஆகியோர் தம் பெயரிலேயே புதிய ஆட்டங்களுக்கும் தொகுப்புகளுக்கும் அழைக்கப்பட்டனர். ஷிமோமுரா 1993-ல் ஸ்குவேருக்குச் சென்று, 2002-ல் தொடங்கிய கிங்டம் ஹார்ட்ஸ் தொடரால் உலகப் புகழ் பெற்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் அணிகள் நுழைந்தபோது ஒலித்த ஆட்ட இசையில் சுகியாமா, உவேமட்சு, மிட்சுடா, ஷிமோமுரா ஆகியோரின் ஆக்கங்கள் இருந்தன. 2023-ல் கிராமி விருதுகளில் நிகழ்பட ஆட்ட இசைக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. அதன் முதல் விருதை ஸ்டெஃபனி எகானமூ பெற்றார்.

எனினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2023-ல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் திரைப்படத்தில் பிரித்தானிய இசையமைப்பாளர் கிராண்ட் கிர்க்ஹோப்பின் ‘டிகே ராப்’ பாடல் ஒலித்தது. முடிவுப் பட்டியலில் அப்பாடல் வந்த ஆட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது, அவர் பெயர் இல்லை. அவர் தம் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். 2024 இறுதியில் நிண்டெண்டோ தன் ஆட்ட இசைக்கென ஒரு கைபேசிச் செயலியை வெளியிட்டது. பாடலின் பெயர், ஆட்டத்தின் பெயர், ஆட்டக் காட்சி ஆகியவை அதில் இருந்தன. இசையமைப்பாளர் பெயர் இல்லாததை ரசிகர்கள் முதல் நாளிலேயே சுட்டிக்காட்டினர். ஒவ்வொரு பாடலுக்கும் இசையமைத்தவர் எவர் என்ற பட்டியலை முன்போலவே தாங்களே தயாரிக்கவும் தொடங்கினர்.